கொட்டகலை சூன் பாண் ஓட்டோ: மீன் பணிஸ் அருமை, சில்லறை கொண்டுபோங்கள்

கொட்டகலை டவுனில் இருந்து எங்கள் தோட்டத்துப் பக்கம் காலை ஆறேகாலுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டு பாண், பணிஸ் விற்க ஏறி வரும் சூன் பாண் ஓட்டோவைப் பற்றி எழுதணும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ஓட்டுகிற அண்ணன் ஒன்பது வருஷம் மறியலில், அதாவது ஜெயிலில், இருந்து வந்தவர். நான் ஒன்றும் துப்பறியவில்லை, பேச்சுக் கொடுத்தால் அவரே சொல்லுவார். எதற்காகப் போனார் என்று நானும் கேட்டதில்லை.

முதலில் சாமானைப் பார்ப்போம். மீன் பணிஸில் உருளைக்கிழங்கை அடைத்துவிட்டு மீன் வாசம் மட்டும் காட்டுகிற வேலை கிடையாது. பிட்டால் மீன் துண்டு கையில் வரும், மிளகு கொஞ்சம் தூக்கல், சின்னப் பிள்ளைகளுக்கு உறைக்கும். முதலை மாதிரி நீளமாக, சீனி தூவி வரும் கிம்புலா பணிஸை வெயில் நாளில் மட்டும் வாங்குங்கள், மழை நாளில் மேலே உள்ள சீனி கரைந்து பேப்பரோடு ஒட்டிக்கொள்கிறது. பாண்தான் விசேஷம். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்கணும் என்று 2024இல் வர்த்தமானி வந்தபோது, சும்மா ஒரு ஆசையில் வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன், 455 காட்டியது. மறுநாள் சொன்னேன், சிரித்தார். “உள்ளுக்கு நிறை குறைஞ்சா கலாட்டா தங்கச்சி. பாண் துண்டுக்கு மண்டை உடைஞ்சத பாத்திருக்கேன்.”

கண்டி போகம்பரை ஜெயிலில் இருந்தவராம். 2014இல் அதை மூடி ஆட்களைப் பல்லேகலை ஜெயிலுக்கு மாற்றியபோது இவரும் போயிருக்கிறார். மாவு பிசையப் பழகியதும் உள்ளேதான். தண்டனை முடியுமுன்பே லைசன்ஸில் விட்டார்கள். பரோல் என்று படத்தில் சொல்வார்களே, அந்த மாதிரி ஏற்பாடுதான் இங்கே இது. சொன்ன விலாசத்தில் இருக்கணும், அதிகாரி கூப்பிட்ட நாளில் போய் நிற்கணும், பிசகினால் திரும்ப உள்ளே போகவேண்டி வரலாம். கேட்க லேசாகத்தான் இருக்கிறது, ஆனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிறவனுக்கு விலாசம் ஏது? பத்துக் காம்பராவுக்கும் சேர்த்துத் தோட்டத்துப் பேர்தான், கடிதமெல்லாம் ஆபீஸுக்குத்தான் வரும். இவருக்கு வந்த முதல் கடிதம் அங்கே பன்னிரண்டு நாள் கிடந்திருக்கிறது. கைக்கு வருவதற்குள் டிவிஷன் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது, போகவேண்டிய தேதியும் தாண்டிவிட்டது. அதிகாரி நல்ல மனுஷன், விளங்கிக்கொண்டாராம். அதற்கப்புறம்தான் டவுனில் ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்திருக்கிறார், விலாசத்துக்காகவே வாடகை.

இப்போது என் குறை. மேல் லயத்துக்கு வரும்போது மெட்டை நிறுத்திவிடுகிறார். அங்கே யாரோ ஒருத்தர் முன்பு வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார், அன்றிலிருந்து இப்படி. வண்டி வருவதே எங்களுக்குத் தெரிவதில்லை, இந்த மாதம் மட்டும் இரண்டு தடவை தவறவிட்டு வீட்டில் ரொட்டி தட்டினேன். சொல்லிப் பார்த்தேன், “பரவாயில்ல தங்கச்சி, ஹோன் அடிக்கிறேன்” என்கிறார், அதையும் அடிப்பதில்லை. பேசிய ஆள் இப்போது பொடியனை அனுப்பிப் பாண் வாங்குகிறார் என்பது வேறு கதை.

மீன் பணிஸ் மேலே வருவதற்குள் முடிந்துவிடும், வேணுமென்றால் பாலத்தடிக்கு இறங்கி நில்லுங்கள். சில்லறை கொண்டுபோங்கள். ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் “நாளைக்குத் தாங்க” என்று கிளம்பிவிடுவார், அப்புறம் கேட்கவும் மாட்டார். நான் இன்னும் 140 ரூபாய் பாக்கி.