“ஷார்ட் கேம் பேக்கேஜ்”னு பணம் கேட்டா, முதல்ல கிரீனைக் காட்டச் சொல்லுங்க

சென்னையில கோல்ஃப் புதுசா ஆரம்பிக்கிறவங்க இதைப் படிச்சிட்டுப் பணம் கட்டுங்க. புறநகர்ல ஒரு டிரைவிங் ரேஞ்ச் (பந்தடிச்சுப் பழகுற இடம்), பேர் வேண்டாம். ஷார்ட் கேம்னா கிரீன்லயும் (குழி இருக்கிற, புல்லை ஒட்ட வெட்டின இடம்) அதுக்குப் பக்கத்துலயும் அடிக்கிற சின்ன அடிகள். சிப்பிங் (தாழ்வாத் தூக்கி உருள விடறது), பிட்ச்சிங் (உயரமாத் தூக்கி அடிக்கிறது), பங்கர் (மணல் பள்ளத்துலேருந்து அடிக்கிறது), பட்டிங் (குழியைப் பார்த்து உருட்டறது) நாலும் சொல்லித் தர்றோம், பிராக்டிஸ் கிரீன் இருக்குன்னு 28,000 ரூபாயை மொத்தமா முன்கூட்டியே வாங்கிட்டாங்க. போய்ப் பார்த்தா கிரீனைச் சுத்திக் கயிறு, நடுவுல மண் குவியல். “வேலை நடக்குது சார், அடுத்த வாரம்”னு சொல்லிச் சொல்லியே பேக்கேஜ் முடிஞ்சுது. பங்கர் மருந்துக்குக்கூடக் கிடையாது.

எல்லாப் பாடமும் பிளாஸ்டிக் மேட்லதான். சிப் ஷாட்டுக்கு உயிரே கிளப் (கோல்ஃப் மட்டை) முதல்ல பந்தைத் தொடணும், அப்புறம்தான் தரையைத் தொடணுங்கிறது. மேட்ல பந்துக்கு ரெண்டு இஞ்ச் பின்னாடி இறங்கினாலும் வெட்ஜ் (சின்ன அடிக்கான, முகம் சாய்ஞ்ச கிளப்) வழுக்கிட்டுப் போய்ப் பந்தைத் தூக்கிடும். கோச்சும் “சூப்பர் சார்”ம்பார். நண்பர் நந்தனம் கோர்ஸுக்குக் கூட்டிட்டுப் போனப்போ, கிரீனுக்குப் பத்து யார்டு முன்னாடி நின்னு அதே அடியை அடிச்சேன். வெட்ஜ் புல்லுக்குள்ள குத்திக்கிட்டு நின்னுச்சு. பெயர்ந்த மண்ணு ஷூ மேல விழுந்துச்சு. பந்து ஒரு முழம்கூட நகரல.

இதைவிடக் கடுப்பு, அவங்க கடையில தலையில கட்டின சிப்பர், அதாவது சிப் ஷாட்டுக்குன்னே இருக்கிற கிளப். ரெண்டு பக்கமும் அடிக்கலாமாம், டோர்னமெண்ட்லயும் அனுமதி உண்டாம். சிப்பர் வச்சுக்கிறது தப்பில்ல, ஆனா விதிப்படி அதுக்கு ஒரே ஒரு அடிமுகம்தான் இருக்கணும். ரெண்டு முகச் சலுகை பட்டருக்கு (பட்டிங் கிளப்) மட்டும்தான். என் பையைப் பார்த்ததுமே கோர்ஸ்ல பை தூக்க வந்த கேடி சிரிச்சுக்கிட்டே சொன்னது இது. முகம் 60 டிகிரி சாய்ஞ்ச லாப் வெட்ஜும் வாங்கச் சொல்லி நச்சரிச்சாங்க, நல்லவேளை மசியல. பிட்ச்சிங் வெட்ஜும் 56 டிகிரி சாண்ட் வெட்ஜும் இருந்தா ஆரம்பத்துக்குத் தாராளம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டா, ரசீதுல “கோல்ஃப் பயிற்சி”ன்னுதானே போட்டிருக்குன்னு மேனேஜர் கையை விரிச்சிட்டார். நல்லவேளையா அவங்க வாட்ஸ்அப்ல அனுப்பின விளம்பரம் இருந்துச்சு. பச்சைப் பசேல்னு கிரீன் படம், பக்கத்துல பங்கர் வேற! அதை வச்சு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் கொடுத்தேன். அப்புறம்தான் போன் வந்துச்சு, 9,000 ரூபாயும் வந்துச்சு. சிப்பரை மட்டும் திரும்ப எடுத்துக்க மாட்டாங்களாம்.

மிச்சத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போட்டிருக்கேன். வக்கீல் இல்லாமலே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமும் இல்ல.

எந்த இடமானாலும் பணம் கட்டறதுக்கு முன்னாடி கிரீன்ல நடந்து பாருங்க, மணல்லேருந்து ஒரு பந்தைக் கோச்சை அடிச்சுக் காட்டச் சொல்லுங்க, என்னென்ன சொல்லித் தருவாங்கன்னு ரசீதுலயே எழுதி வாங்குங்க. இதே மாதிரி மாட்டினவங்க யாராவது இருந்தா, அந்த வாட்ஸ்அப் விளம்பரத்தை அழிச்சிடாதீங்க.