தலை கொய்த ஈட்டி, விலை 9,000 பெசோ

பிலிப்பைன்ஸின் வடக்கு மலைநகரமான பாகியோவில் செஷன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது இந்தப் பழம்பொருள் கடை. பெயர் சொல்லப் போவதில்லை. இனி எழுதப் போவதைப் படித்தால் ஏன் என்று தெரியும்.

வாசலிலேயே சிவப்புத் துணி விரித்து ஓர் ஈட்டிமுனையை வைத்திருந்தார்கள். இரண்டு ஓரங்களிலும் வரிசையாகப் பின்னோக்கி வளைந்த முட்கள். இன்னும் வடக்கே மலைக்குள் இருக்கும் போன்டொக் பக்கம் இந்த வகையை ‘சினலாவிதான்’ என்பார்கள். சீட்டில் ‘தலை கொய்த ஈட்டி, 150 ஆண்டு பழையது’ என்று எழுதியிருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். முட்கள் எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. சுத்தியலால் தட்டிச் செய்த இரும்பில் அப்படி வராது. போன்டொக் அருங்காட்சியகத்தில் பார்த்தவற்றில் இடது முள்ளும் வலது முள்ளும் கொஞ்சமாவது முரண்டு பிடிக்கும். பூதக்கண்ணாடி வைத்தால் கிரைண்டர் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. துருவும் ஆரஞ்சு நிறத்தில், விரலில் ஒட்டும் பொடி. காம்பு சேரும் இடத்தில் வெல்டிங் வைத்த உருண்டைத் தடம்! அதைக் காட்டியதும் விற்பனைப் பையன் கூச்சமே இல்லாமல், “சரி சார், 6,000 கொடுங்க” என்றான்.

உள்ளே போனால் கதை வேறு. மூலையில் ஒரு மரப்பெட்டியில், பழைய பூட்டுகளோடு சீட்டே இல்லாமல் கிடந்தவைதான் சரக்கு. வெள்ளி வளையம் போட்ட, இலை போன்ற ஒரு முனையை ‘இஃபுகாவ்’ என்றார் கடைக்காரப் பெரியவர்; வடக்கு மலைவாழ் மக்களில் ஒரு இனம் அது. எனக்கு அந்த முனை தெற்கே மின்டனாவோ தீவின் மோரோ முஸ்லிம்களின் வேலையாகத்தான் பட்டது. சொன்னதும் மறுக்காமல் தலையாட்டினார். அதில் எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

நான் எடுத்தது முள்ளில்லாத ஒரு சின்ன ஈட்டி; போன்டொக்கில் இந்த வகையை ‘ஃபங்காவ்’ என்பார்கள். கழி இல்லை, முனை மட்டும். கரும்பழுப்புத் துரு இரும்போடு இறுகியிருந்தது. தீட்டித் தீட்டி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து உள்வாங்கியிருந்தது; யாரோ பல வருடம் வைத்திருந்து பயன்படுத்தியது. வயது எத்தனை என்று கேட்டேன். “என் அப்பா காலத்துக்கு முந்தையது, அவ்வளவுதான் தெரியும்” என்றார். 3,500 சொன்னதை 2,200க்கு முடித்தோம். பழைய செய்தித்தாளில் அழகாகச் சுற்றிக் கொடுத்தார்.

ஒரே ஒரு கோபம். பிலிப்பைன்ஸில் இத்தகைய பழம்பொருட்களை நாட்டைவிட்டு எடுத்துப் போக தேசிய அருங்காட்சியகத்தில் அனுமதி வாங்க வேண்டும். நான் மணிலாவில் வசிப்பதால் எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்ற வெளிநாட்டுப் பெண் கேட்டபோது அந்தப் பையன், “பெட்டியில் துணிக்கு நடுவில் வைங்க, யாரும் பார்க்க மாட்டாங்க” என்றான். பெரியவருக்காக ஐந்து நட்சத்திரம் கொடுக்க நினைத்திருந்தேன். மூன்றுதான்.