மூணு வருஷமா வகுப்புல ப்ளிக்கர்ஸ், எனக்கு என்ன ஆச்சுன்னா

ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம் பக்கம் கடலோர ஊர் ஒண்ணுல எட்டாப்புக்கு கணக்கு எடுக்குறேன். ப்ளிக்கர்ஸ்ங்கிற க்விஸ் ஆப் (பிள்ளைங்க அட்டையத் தூக்கி விடை சொல்றது) ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு, புதுசா ஆரம்பிக்கிற டீச்சருங்க அது எப்படிப் போகுதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க, அதான் உக்காந்து எழுதுறேன்.

பிள்ளைங்க கையில போன் வேணாம், அதுதான் எனக்குப் பெரிய விஷயம். இங்க வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலும் அது அப்பா கூட கடலுக்குப் போயிரும். ஆளுக்கொரு அட்டை, நடுவுல கருப்புக் கட்டமா ஒரு வடிவம், நாலு பக்கமும் ஏ பி சி டி பொடி எழுத்துல இருக்கும், விடை எதுவோ அது மேல வர்ற மாதிரி தூக்கிப் பிடிச்சா நான் என் போன் கேமராவ வகுப்பு முழுக்க ஒரு ஓட்டு ஓட்டுவேன், யார் சரி யார் தப்புன்னு வந்துரும். ஒவ்வொரு அட்டையும் வேற வடிவம், பக்கத்துப் பிள்ளையப் பாத்துத் திருப்ப முடியாது.

முதல் செட் வெறும் பேப்பர், உப்புக்காத்துல ஒரே மாசத்துல நமுத்துப் போச்சு. பளபளன்னு லேமினேஷன் போட்டேன், ஜன்னல் வெளிச்சம் பட்டு கேமரா படிக்கவே மாட்டேங்குது. இப்ப கெட்டி அட்டையில ஒட்டியிருக்கேன், தாங்குது.

முதல் வருஷம் மார்க் பட்டியல் போட்டு முதல் மூணு பேருக்கு பேனா குடுத்தேன், பெரிய தப்பு. வாராவாரம் அதே மூணு பேர்தான், பின் பெஞ்சுப் பிள்ளைங்க அட்டையத் தூக்குறதையே விட்டுட்டாங்க, எனக்கு மனசே ஆறல. பட்டியல நிறுத்திட்டேன். இப்ப விடைய உடனே சொல்ல மாட்டேன், பாதிப் பேர் தப்புன்னா ரெண்டு நிமிஷம் பக்கத்துல பேசுங்கன்னு விட்டுட்டு மறுபடி தூக்கச் சொல்லுவேன். ஹார்வர்டுல எரிக் மசூர் 1990கள்லயே காலேஜ் பிள்ளைங்களுக்குப் பண்ண முறை இது, நம்ம எட்டாப்புக்கும் நல்லாவே ஒத்து வருது.

கண்ணுல மாட்டிப் படம் பாக்குற விஆர் பெட்டியும் ஒரு தடவ வாங்கிட்டு வந்து பவளப்பாறை காட்டினேன். ரெண்டு நாள் ஆசை, அவ்வளவுதான்.

கேள்வி எங்க இருந்து வருதுங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. "7 பாகம் ஆழம்னா எத்தன அடி?"ன்னு கேட்டப்ப, லீவு நாள்ல அம்மா கூட கடல்பாசி எடுக்கப் போற ஒரு பிள்ளை, வருஷம் பூரா வாயே திறக்காதவ, முதல்ல அட்டையத் தூக்குனா, அப்புறம் ரெண்டு கையையும் விரிச்சு இதான் ஒரு பாகம், ஆறடின்னு பக்கத்துல இருந்தவளுக்குச் சொல்லிக்குடுத்தா.

ஜூன் 14 மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு விசைப்படகு கிளம்பிட்டா சில பையன்க லீவு போடுவாங்க. அத இந்த அட்டை நிறுத்திருச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா க்விஸ் இருக்கிற வியாழக்கிழமை வந்துர்றாங்க.

அதுல ஒருத்தன், அட்சரேகையில ஒரு நிமிஷம்னா ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர்னு நான் சொன்ன மறுநாளே அவங்கப்பா வத்தையில (சின்ன நாட்டுப்படகு) இருக்கிற ஜிபிஎஸ்ல பாத்து நாலு இடத்து நம்பர நோட்டுல எழுதிக் கொண்டாந்துட்டான். "டீச்சர் யாருக்கும் காட்டிறாதீங்க, மீன் கிடைக்கிற இடம், அப்பா வைவாரு." நம்பர மாத்திப் போட்டுத்தான் அந்த வாரக் கேள்வி தயார் பண்ணேன்.