பழைய மடிக்கணினிக்குப் புதிய இயங்குதளம்: விண்டோஸ் 11, மின்ட், ஃப்ளெக்ஸ் – எது யாருக்கு?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதிலிருந்து கணினிக் கடைகளில் ஒரே பல்லவிதான்: “இனி இதில் ஒன்றும் செய்ய முடியாது, புதிதாக வாங்கிவிடுங்கள்.” 2013-க்கும் 2017-க்கும் இடையில் வாங்கிய மடிக்கணினிகள்தான் பெரும்பாலும் இந்தத் தீர்ப்புக்கு ஆளாகின்றன. திரையில் குறையில்லை, விசைப்பலகை உறுதியாக இருக்கிறது, உள்ளே இருக்கும் ஐ3 அல்லது ஐ5 செயலி கல்லூரிப் பாடத்துக்கும் வீட்டுக் கணக்குக்கும் தாராளமாகப் போதும். அப்படியொரு கருவியைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்காக, இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு இணையத்தில் உலவுவதும் சரியல்ல. விண்டோஸ் 7-இல் என்ன நடந்தது என்று பாருங்கள். 2020 ஜனவரியில் அதன் ஆதரவு நின்றது; 2023 தொடக்கத்தில் குரோம் உலாவியும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. உலாவி பழையதாகிவிட்டால் வங்கி வேலைக்கு அந்தக் கணினியை நம்ப முடியாது.

எந்த இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் செலவு ஒன்று உண்டு. பழைய சுழலும் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமில்லாத சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. போடுங்கள். அந்தக் காலத்து மடிக்கணினிகளில் பெரும்பாலானவை சாட்டா என்ற இணைப்பில் பொருந்தும் இரண்டரை அங்குல டிஸ்க் கொண்டவை. அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால் மாற்றிவிடலாம். பழைய டிஸ்க் விநாடிக்கு 100 எம்.பி. அளவில் படிக்கும், சாட்டா எஸ்.எஸ்.டி. 500 எம்.பி.யைத் தொடும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. “கணினி மெதுவாகிவிட்டது” என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் மெதுவாகியிருப்பது இந்த டிஸ்க் ஒன்றுதான். ரேம் 4 ஜி.பி. மட்டும் இருந்து, கூடுதல் பட்டைக்கு இடமும் இருந்தால் 8 ஆக்கிவிடுங்கள்.

இனி விண்டோஸ் 11. அது கேட்பவை: டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு, நம்பகமான நிரலோடு மட்டுமே கணினியைத் தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதி, 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதலான செயலி, ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து. 2018-ஐ ஒட்டி வாங்கிய கணினி என்றால் உடனே கைவிட வேண்டாம். டி.பி.எம். உள்ளே இருந்தும், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், இன்டெல்லில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். என்றும் தேடி இயக்கினால், “தகுதியில்லை” என்ற அறிவிப்பே மறைந்துவிடக்கூடும். அப்படித் தகுதி பெறும் கணினிக்கு விண்டோஸ் 11-ஐத் தாராளமாகப் போடலாம்.

தகுதியில்லாத கணினியில் வலிந்து ஏற்றுவதுதான் பிரச்சினை. ரூஃபஸ் என்ற நிரலில் பென் டிரைவ் தயாரித்தால் டி.பி.எம். சோதனையைத் தாண்டிவிடலாம் என்பது உண்மைதான்; கடைகளும் இதைச் செய்து தருகின்றன. ஆனால் அப்படிப்பட்ட கணினிகளுக்கு மேம்படுத்தல்கள் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு தானாக வந்து சேராது. ஒவ்வொரு முறையும் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். 4 ஜி.பி. ரேமில் நாலு உலாவிப் பக்கம் திறப்பதற்குள் மூச்சு வாங்கும். பாதுகாப்புக்காக மாறுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, பாதுகாப்புக்கு உறுதியில்லாத ஒன்றுக்கு மாறுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் தங்கள் கணினியில் செய்து பார்க்கட்டும். பெற்றோரின் கணினியில் செய்துவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டாம்.

விண்டோஸ் 10-லேயே இருந்தாக வேண்டியவர்களும் உண்டு. டாலியில் கணக்கு எழுதும் கடைக்காரர், வானவில் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பல ஆண்டுக் கோப்புகளை வைத்திருக்கும் அச்சகத்தார், டாங்கிள் என்ற உரிமச் சாவியைச் செருகினால்தான் திறக்கும் பழைய டி.டி.பி. நிரலை நம்பிப் பிழைப்பவர் ஆகியோருக்கு விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸைப் பரிந்துரைப்பது அவர்கள் தொழிலில் கைவைப்பதாகும். இவர்களுக்காகவே நீட்டித்த பாதுகாப்பு மேம்படுத்தல் திட்டம் இருக்கிறது. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்கும் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு நுழைந்து, அமைப்புகளை அந்தக் கணக்கில் காப்பெடுக்கச் சம்மதித்தால், 2026 அக்டோபர் 13 வரை கட்டணமின்றிப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். சம்மதமில்லாதவர்கள் 30 டாலர் செலுத்தலாம். இது நிரந்தர வழியில்லை. புதிய கணினிக்குப் பணம் சேர்க்கவும், பழைய எழுத்துருக் கோப்புகளை எல்லாக் கணினியிலும் படிக்கக்கூடிய யூனிகோடுக்கு மாற்றவும் கிடைக்கும் அவகாசம்.

மற்ற எல்லோருக்கும் என் பரிந்துரை, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட். அதன் 22-ஆம் வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு இருக்கிறது. பணம் கட்ட வேண்டியதில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. இடது கீழ் மூலையில் பட்டியல், கீழே பணிப்பட்டை என்று விண்டோஸில் பழகிய கைக்கு எல்லாம் இருக்கும் இடத்தில் இருக்கும். 8 ஜி.பி. ரேம் இருந்தால் சினமன் வகை, 4 ஜி.பி. என்றால் அதைவிட இலகுவான எக்ஸ்.எஃப்.சி.ஈ. வகை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும், ஆவணங்கள் எழுத உதவும் லிப்ரே ஆபீஸும் கூடவே வருகின்றன.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா என்ற கேள்வி எப்போதும் வரும். பலரும் பழகிய தட்டச்சு நிரல்களான இ-கலப்பையும் என்.எச்.எம். ரைட்டரும் விண்டோஸுக்கு மட்டுமே உரியவை. மின்ட்டில், பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் நிரலையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் மென்பொருள் மேலாளரிலிருந்து நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழைச் சேர்த்தால், தமிழ்99, ஒலிப்பு முறை, பழைய தட்டச்சு முறை எல்லாம் பட்டியலில் வந்து நிற்கும். பாமினி எழுத்துருவில் எழுதிய பழைய ஆவணத்தைத் திறந்தால், முதலில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பித் தெரியும். பயப்பட வேண்டாம். பாமினி எழுத்துருக் கோப்பை விண்டோஸிலிருந்து எடுத்து வந்து நிறுவினால் தமிழ் அப்படியே தெரியும். அந்த எழுத்துரு ஆங்கில விசைகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால், தட்டச்சு செய்யத் தனி மென்பொருளும் தேவையில்லை.

வைஃபை மட்டும் சிலரைப் படுத்தும். பிராட்காம் சில்லு கொண்ட பழைய கணினிகளில் முதலில் இணைப்பே காட்டாது. கைபேசியை யு.எஸ்.பி. கம்பியில் இணைத்து, அதன் டேட்டாவைப் பகிர்ந்துவிட்டு, மின்ட்டின் டிரைவர் மேலாளரைத் திறந்தால், சில்லை இயக்கும் நிரலான உரிய டிரைவரை அதுவே எடுத்துக்காட்டும்.

கூகுளின் குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, 4 ஜி.பி. ரேமும் 16 ஜி.பி. இடமும் போதும். மின்னஞ்சல், யூடியூப், கூகுள் டாக்ஸ் ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடும் என்றால் இதைவிட எளிமையானது வேறில்லை. ஆனால் குரோம் ஓ.எஸ்.-ஓடு விற்கப்படும் மடிக்கணினியான குரோம்புக்கைப் போல ஆண்ட்ராய்டு செயலிகள் இதில் ஓடாது, இணையம் இல்லாத நேரத்தில் செய்ய முடிவதும் குறைவு. பிள்ளைகளின் படிப்புக்கு நான் மின்ட்டைத்தான் வைப்பேன். நிரல் எழுதிப் பழகவும் அதில் எல்லாம் கிடைக்கும்.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பல வீடுகளில் இன்னும் பரணில் இருக்கின்றன. தொடக்க காலக் கணினிகளில் விண்டோஸ் 7-ஓடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்தே வந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ரேமை 4 ஜி.பி. ஆக்கி எஸ்.எஸ்.டி. போட முடிந்தால் இவற்றுக்கும் எக்ஸ்.எஃப்.சி.ஈ. மின்ட் ஒத்துவரும். வெறும் 2 ஜி.பி.யில் மின்ட் எழுந்து நிற்கும், ஆனால் இன்றைய இணையப் பக்கங்களைத் தாங்காது.

முடிவெடுக்கும் முன் மின்ட்டை ஒரு பென் டிரைவில் எழுதி, கணினியில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். பல கணினிகளில் இயக்கும்போது எஃப்12 அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் பட்டியல் வரும். உள்ளே போனதும் வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்ச விசைகள் எல்லாவற்றையும் சோதியுங்கள். மூடியைச் சாத்தித் திறந்து, தூக்கத்திலிருந்து எழுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அச்சுப்பொறி இருந்தால் அதையும் இணைத்து ஒரு பக்கம் அச்சிடுங்கள். விண்டோஸில், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கினால், அதன் மீட்புக் குறியீட்டைக் காகிதத்தில் எழுதிக்கொண்ட பிறகே டிஸ்கைத் தொட வேண்டும்.

கழற்றிய பழைய ஹார்டு டிஸ்கை உடனே அழிக்காதீர்கள். ஒரு யு.எஸ்.பி. உறையில் போட்டால் மின்ட்டிலேயே திறக்கும். படங்களும் ஆவணங்களும் புதிய எஸ்.எஸ்.டி.க்கு வந்துவிட்டனவா என்று நிதானமாகச் சரிபார்க்கலாம். பிறகு அதுவே வீட்டின் காப்புப் பிரதி டிஸ்காக இருந்துகொள்ளும்.