வானிலையே வராத ‘வானிலைக் கருவி’: 1,340 டாலர் போச்சு

சிறு விமானம் ஓட்டுகிறவர்களும் ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் எதையும் வாங்குங்கள். விமானிகளுக்கான சாமான்களை மட்டும் விற்கும் ஓர் இணையக் கடையில், காக்பிட்டில் மாட்டிக்கொள்ளும் வானிலை, வழிகாட்டிக் கருவி ஒரு செட்டாக வாங்கினேன். 1,340 டாலர். பெட்டியில் வந்தது வானிலையைப் பிடிக்கத் தெரியாத ரிசீவர், யோக்கை (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) முழுதாகத் திருப்ப விடாத கவ்வி, என் விமானத்துக்குச் சேராத சார்ஜர். பணம் இன்றுவரை திரும்பவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. வாங்கும்முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

என்னுடையது செஸ்னா 172, பழைய கருவிப் பேனல். அதில் வானிலைத் திரை கிடையாது. அமெரிக்காவில் பறப்பவர்களுக்குத் தெரியும், எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) தரை நிலையங்களிலிருந்து வானிலையை இலவசமாகவே ஒலிபரப்புகிறது. ரேடார் மழைப்படம், மெட்டார் (விமானத் தளத்தின் இப்போதைய வானிலை), டாஃப் (அங்கே இனி வரப்போகும் வானிலை), தற்காலிகத் தடை வான்பகுதிகள் எல்லாம் அதில் வரும், சந்தா கிடையாது. அதைப் பிடிக்க ஒரு ரிசீவர், காட்ட ஒரு திரை, திரையை நிறுத்த ஒரு மவுண்ட், அவ்வளவுதான் தேவை. இந்த ஒலிபரப்பு வருவது 978 மெகாஹெர்ட்ஸில் மட்டும். 1090 மெகாஹெர்ட்ஸில் மற்ற விமானங்களின் இருப்பிடம் வரும், வானிலை வராது. இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மொத்தத் திருட்டும் இதற்குள்தான் இருக்கிறது.

கடைப் பக்கத்தில் ‘நேரடி வானிலை, போக்குவரத்து, ஜிபிஎஸ், செஸ்னா 172 யோக் மவுண்டுடன்’ என்று போட்டிருந்தது. எந்த அலைவரிசை என்று எங்கேயும் இல்லை. அதைக் கேட்கத்தான் போன் செய்தேன். எடுத்தவர் என் பெயரைக் கேட்டதும் “தமிழா அண்ணா?” என்றார். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது. தானும் 172தான் ஓட்டுவதாகச் சொன்னார். இதே செட்டைத் தன் விமானத்தில் மாட்டி, இடிமேகங்களுக்கு நடுவே வழி பார்த்துப் போய் வந்ததாகச் சொன்னார். எந்த வருஷ மாடல், பேனலில் என்ன இருக்கிறது என்றெல்லாம் அக்கறையாக விசாரித்தார். அலைவரிசை பற்றிக் கேட்டதற்கு, “எல்லாமே வரும்ணா, கவலையே படாதீங்க” என்று சொல்லி, திரையில் பச்சை மஞ்சளாக மழைப்படம் ஓடும் வீடியோ ஒன்றையும் அனுப்பினார். அந்த மழைப்படம் ரிசீவரிலிருந்து வரவில்லை, வைஃபையில் இணையத்திலிருந்து இறங்கியது என்பது பின்னால்தான் தெரிந்தது. கார்டில் கட்டினால் 1,400, வங்கியிலிருந்து நேராக அனுப்பினால் 1,340 என்றார். 1,340 டாலரை அன்றைக்கே அனுப்பினேன். விமானிக்கு விமானி, அதிலும் தமிழ் பேசுகிறவர், இவ்வளவு கூசாமல் பொய் சொல்வார் என்று யார் நினைப்பார்கள்?

பெட்டி வந்தபோது விமானம் வருடாந்தரப் பரிசோதனையில் இருந்தது. ஹேங்கரில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஜிபிஎஸ் வந்தது, வானிலை வரவில்லை. கேட்டேன். “தரையில் வராதுண்ணா, மேலே போனால்தான் வரும்.” இது பாதி உண்மை, அதனால்தான் இவ்வளவு ஆபத்தான பதில். தரை நிலையத்துக்கும் ரிசீவருக்கும் நடுவே மறைப்பு இருக்கக் கூடாது, அதனால் பல விமானத் தளங்களில் கீழே நிற்கும்போது நிஜமாகவே வராது. சரி, பறந்து பார்க்கலாம் என்று விட்டேன். பரிசோதனை முடிந்து, மேகம் கலைந்து, மேலே போவதற்குள் பொருளைத் திருப்பி அனுப்ப அவர்கள் தந்த 30 நாள் கெடு கரைந்துகொண்டே வந்தது. 5,500 அடியில் திரையில் பக்கத்து விமானங்கள் தெரிந்தன, வானிலை பூஜ்யம்.

இந்தத் தடவை “சார், ஆன்டெனாவை ஜன்னல் பக்கம் மாற்றிப் பாருங்க” என்று பதில் வந்தது. அண்ணா போய் சார் வந்துவிட்டது. மாற்றினேன், வரவில்லை. “மென்பொருளைப் புதுப்பியுங்கள்.” புதுப்பித்தேன், வரவில்லை. “உங்கள் பகுதியில் சிக்னல் வலுவில்லாமல் இருக்கலாம்.” அதே வானத்தில் நண்பரின் ரிசீவர் எல்லாவற்றையும் காட்டுகிறது! கடைசியில் எங்கள் தளத்து ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவி) மெக்கானிக் ரிசீவரைத் திருப்பி, அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். 1090 மட்டும். அதில் வானிலை வரவே வராது. அதை விற்றவருக்கு இது தெரியாதா?

மவுண்டு கதை தனி. ‘எஃப்ஏஏ அங்கீகாரம் பெற்றது’ என்று விளம்பரத்தில் இருந்தது. யோக்கில் கவ்விக் கழற்றும் கவ்விக்கு அங்கீகாரமே தேவையில்லை, அது விமானத்தின் பாகமாகவே கணக்கில் வராது. பேனலில் திருகிப் பொருத்தினாலோ விமானத்து மின்கம்பியில் இணைத்தாலோதான் மெக்கானிக் கையெழுத்து என்று பேச்சு வரும். ‘அங்கீகாரம்’ என்பது சும்மா மிரட்டும் வார்த்தை. மாட்டிப் பார்த்தால், யோக்கை முழுதாகப் பின்னால் இழுத்து இடப்பக்கம் திருப்பும்போது திரையின் கீழ் விளிம்பு தொடையில் இடித்து நிற்கிறது. ஹேங்கரிலேயே கண்டுபிடித்தேன். குறுக்குக் காற்றில் இறங்கும்போது நடந்திருந்தால்? கவ்வியில் திரையைப் பிடிக்கக் காந்தம் வேறு வைத்திருக்கிறார்கள். கிட்டே கொண்டுபோனதும் காந்தத் திசைகாட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஜிபிஎஸ் அணைந்தால் கைகொடுக்க இருப்பதே அந்தத் திசைகாட்டிதான்.

சார்ஜர் 12 வோல்ட் மட்டும். என் விமானம் 28 வோல்ட். மெக்கானிக் பார்த்துத் தடுத்தார், இல்லையென்றால் திரையும் போயிருக்கும். நான் மாடல் வருஷத்தைச் சொன்னபோது அந்தக் கடை ஆள் அவ்வளவு அக்கறையாகக் குறித்துக்கொண்டாரே, எதற்கு?

எல்லாவற்றையும் படத்தோடு அனுப்பினேன். பதில் ஆங்கிலத்தில், பெயரில்லாத ஒருவரிடமிருந்து: கெடு முடிந்துவிட்டது, பொருள் விமானத்தில் மாட்டப்பட்டதால் ‘பயன்படுத்தியது’ ஆகிறது, வேண்டுமானால் அடுத்த கொள்முதலில் 10 சதவீதத் தள்ளுபடி. 1,340 டாலரை விழுங்கிவிட்டுத் தள்ளுபடி தருகிறார்களாம்! அந்தத் ‘தமிழ்’ நபரின் எண் இப்போது எடுக்கப்படுவதே இல்லை. வங்கியில் கேட்டேன். கார்டாக இருந்தால் மறுத்து வாதாடியிருக்கலாம், நேரடிப் பரிமாற்றத்தில் தங்களால் ஒன்றும் முடியாது என்கிறார்கள். 60 டாலர் குறைத்தது எதற்கு என்று இப்போது புரிகிறதா?

பணத்தைவிட எனக்கு ஆறாதது அந்த ‘இடிமேகங்களுக்கு நடுவே வழி பார்த்துப் போனேன்’ பேச்சு. நல்ல ரிசீவராக இருந்தாலும் அப்படிச் செய்யக் கூடாது. திரையில் ‘1 நிமிடப் பழசு’ என்று காட்டும் ரேடார் படம் உண்மையில் அதைவிட 15, 20 நிமிடம் கூடப் பழையதாக இருக்கக்கூடும் என்று அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி 2012லேயே எச்சரித்திருக்கிறது. பல நிலையங்களின் படங்களைச் சேர்த்து ஒட்டி அனுப்ப நேரம் பிடிக்கிறது, திரையில் தெரியும் வயது அந்த ஒட்டுப்படத்தின் வயது மட்டும். இடிமேகம் அதுவரை காத்துக்கொண்டு நிற்காது. தூரத்தில் இருக்கும்போதே சுற்றிப் போக முடிவெடுப்பதற்குத்தான் அந்தப் படம். புதிதாக லைசென்ஸ் வாங்கிய பையன் யாராவது இந்த ஆள் பேச்சை நம்பி மேகத்துக்குள் நுழைந்தால் யார் பொறுப்பு?

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. 978 என்று எழுத்தில் தராதவரிடம் ரிசீவர் வாங்காதீர்கள். கார்டில் மட்டும் கட்டுங்கள். மவுண்டை மாட்டியதும் யோக்கை நான்கு பக்கமும் கடைசிவரை அசைத்துப் பாருங்கள், திசைகாட்டியையும் ஒரு கண் பாருங்கள். வோல்ட் பாருங்கள். ‘மேலே போனால் வரும்’ என்று யாராவது சொன்னால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்கு இன்று புகார் அனுப்புகிறேன், ரசீதுகளை இன்னும் ஸ்கேன் செய்ய வேண்டும்.