கூடா, ஆர்பிட்டாலா: எந்தக் கேள்விக்கு எது?

சிங்கப்பூரில் உயர்நிலை நான்கு வரை வேதியியல் படிக்கும் பிள்ளைக்கு அணு என்றால் அணுக்கருவைச் சுற்றி வரையப்பட்ட வட்டங்கள்தாம். கூடுகள் எனப்படும் அந்த வட்டங்களில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கையாகச் சோடியத்தை 2, 8, 1 என்று எழுதினால் சாதாரண நிலைத் தேர்வுக்குப் போதும். தொடக்கக் கல்லூரியில் எச்2 என்னும் உயர் பாடநிலையில் வேதியியல் எடுத்ததும் அந்த வட்டங்கள் போய், எஸ், பி, டி என்னும் ஆர்பிட்டால்கள் வந்துவிடுகின்றன. ஈசூனில் இருக்கும் என் அக்காள் மகள் கல்லூரியில் சேர்ந்த புதிதில், "அப்போ இவ்வளவு நாள் படிச்சது தப்பா, மாமா?" என்று கேட்டாள். தப்பில்லை. ஆனால், அணுவைக் காட்டும் இந்த இரண்டு மாதிரிகளில் எது எந்தக் கேள்விக்கு விடை தரும் என்று தெரியாவிட்டால் இரண்டுமே சுமைதான்.

கூடு மாதிரியின் வேர், இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1913-இல் முன்வைத்த கருத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்களில் மட்டுமே எலக்ட்ரான் இருக்கும் என்ற அவர், மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு எலக்ட்ரான் இறங்கும்போதே ஹைட்ரஜன் நிறமாலையின் 656 நானோமீட்டர் சிவப்புக் கோடு பிறக்கிறது என்று கணக்கோடு விளக்கினார். இரண்டே எலக்ட்ரான்கள் உள்ள ஹீலியத்திலேயே அக்கணக்கு பொய்த்தது. இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1926-இல் தந்த சமன்பாட்டிலிருந்து வந்த ஆர்பிட்டாலோ பாதையே அன்று. எலக்ட்ரான் எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைக் காட்டும் வெளி அது. ஆயினும், ஹைட்ரஜனுக்குப் போர் சொன்ன 53 பிக்கோமீட்டர் ஆரமே ஆர்பிட்டால் கணக்கிலும் எலக்ட்ரான் இருக்க மிகுந்த வாய்ப்புள்ள தொலைவாக வருகிறது. (ஆங்கிலத்தில் ஆர்பிட், ஆர்பிட்டால் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே விழுகின்றன, முன்னதைச் சுற்றுப்பாதை என்று தமிழில் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.)

இரண்டையும் உரசிப் பார்க்க நல்ல கல் அயனியாக்கும் ஆற்றல், அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல். சோடியத்தின் முதல் எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்கு 496 கிலோஜூல் போதும். இரண்டாவதற்கு 4562 வேண்டும். அதன்பின் ஒன்பதாவது வரை படிப்படியாக ஏறி, பத்தாவதில் மறுபடியும் பெரிய தாவல். சோடியத்தின் பதினோரு எலக்ட்ரான்களையும் தாவல் வரும் இடங்களில் பிரித்து உள்ளிருந்து எண்ணினால் 2, 8, 1. கூடுகள் கற்பனை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பள்ளிப் பாடத்தில் இல்லை.

தனிம அட்டவணையில் சோடியம் இருக்கும் அதே மூன்றாம் வரிசையில் முதல் அயனியாக்கும் ஆற்றலை மட்டும் இடமிருந்து வலமாகப் பாருங்கள். அணுக்கருவின் மின்சுமை கூடிக்கொண்டே போவதால், கூடு மாதிரியின்படி எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஆனால் 738 உள்ள மக்னீசியத்தை அடுத்து வரும் அலுமினியம் 578-க்குச் சறுக்குகிறது. 1012 உள்ள பாஸ்பரசுக்குப் பின் கந்தகம் 1000-க்கு இறங்குகிறது. இங்கே கூடு மாதிரி வாய் திறப்பதில்லை. அலுமினியம் இழப்பது மூன்றாம் கூட்டின் எஸ் ஆர்பிட்டாலில் (3எஸ்) இருப்பதைவிட ஆற்றல் மிகுந்த, அதனால் எளிதில் பிரியும் பி ஆர்பிட்டால் (3பி) எலக்ட்ரானை. கந்தகத்திலோ ஒரே பி ஆர்பிட்டாலில் இணையாக இருக்கும் இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால் ஒன்று எளிதில் வெளியேறுகிறது. ஆர்பிட்டால்களின் வடிவங்களை மனப்பாடம் செய்வதற்கு முன் இந்த எண்களை வரைபடத்தாளில் குறித்துப் பார்ப்பதே நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. பல குறிப்பேடுகளில் வரிசை தலைகீழாக இருக்கிறது.

மூன்றாம் கூட்டில் 18 எலக்ட்ரான்களுக்கு இடம் இருந்தும் பொட்டாசியம் ஏன் 2, 8, 8, 1 என நிற்கிறது என்பதற்கும் கூடு மாதிரியில் விடையில்லை. 3டி-க்கு முன் 4எஸ் நிரம்புகிறது என்று ஆர்பிட்டால் மாதிரி சொல்கிறது; இரும்பு அயனியாகும்போது முதலில் இழப்பதும் அந்த 4எஸ் எலக்ட்ரான்களையே.

பிணைப்பில் மட்டும் பழைய வட்டங்களைக் கைவிட வேண்டாம். சோடியம் குளோரைடின் எலக்ட்ரான்களுக்குப் புள்ளியும் பெருக்கல் குறியும் இட்டு அரை நிமிடத்தில் வரைந்துவிடலாம். அங்கே ஆர்பிட்டாலை இழுப்பது வீண் வேலை. எத்திலீனில் நிலைமை வேறு. புள்ளிப் படத்தில் அதன் இரட்டைப் பிணைப்பின் இரண்டு எலக்ட்ரான் இணைகளும் ஒன்றுபோலவே தெரியும். அவற்றில் ஒன்று, இரண்டு கார்பன் அணுக்களையும் இணைக்கும் அச்சின் மேலும் கீழும் பி ஆர்பிட்டால்கள் பக்கவாட்டில் மேற்பொருந்தி உருவான பை பிணைப்பு என்பதையும், முறுக்கினால் அது உடையும் என்பதால்தான் அந்த மூலக்கூறு எளிதில் சுழலாது என்பதையும் ஆர்பிட்டால் படமே காட்டும்.