புகைபோக்கி லைனர்: வெறும் குழாயா, கம்பளி சுற்றியதா?

2013 டிசம்பர் உறைமழையில் டொரண்டோவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது, எங்கள் வீட்டுச் செங்கல் கணப்பு பேருக்குத்தான் எரிந்தது. சூடெல்லாம் கூரை வழியே போனது. அப்புறம்தான் அதற்குள் செருகும் இரும்பு விறகடுப்பு, அதாவது இன்செர்ட், வாங்கினோம். அடுப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம். அதற்கான லைனர், அதாவது புகைபோக்கிக்குள் புகையை மேலே கொண்டுபோக இறக்கும் உலோகக் குழாய், சரியாக அமைய இரண்டு குளிர்காலம்.

லைனரே வேண்டாம் என்பவர்களை விட்டுவிடலாம். அடுப்பின் புகைவாய் 6 அங்குல வட்டம், சுமார் 28 சதுர அங்குலம். எங்கள் பழைய சுடுமண் குழலின் உள்ளளவு 10க்கு 10. அவ்வளவு இடம் கிடைத்தால் புகை சோம்பி, ஆறி, வழியிலேயே படிந்துவிடும்.

வளையாத குழாயா, வளைகுழாயா? நேரான புகைபோக்கி என்றால் வளையாததே மேல்; உள்ளே வழவழப்பு, தகடும் கனம். எங்களுடையதில் நடுவே ஒரு சாய்வு இருந்ததால் பேச்சு அங்கேயே முடிந்தது. டாம்பரின், அதாவது புகைவழியைத் திறந்து மூடும் தகட்டின், வார்ப்பிரும்புச் சட்டத்தை அறுத்தோம். மச்சான் கூரையிலிருந்து 316 ரக எவர்சில்வர் வளைகுழாயை இறக்க, நான் கீழே கயிற்றை இழுத்தேன்.

தப்பு செய்தது அடுத்ததில். காசு மிச்சம் என்று முதல் வருடம், சூடு வெளியேறாமல் தடுக்கும் கம்பளி சுற்றாமல் இறக்கினோம். எங்கள் புகைபோக்கி வெளிச்சுவரில் நிற்பது. மூன்று பக்கமும் மைனஸ் 20 குளிர். புகை ஏறத்தாழ 120 டிகிரிக்குக் கீழே ஆறினால் அதிலுள்ள ஈரமும் தாரும் குழாயில் ஒட்டும். அதுதான் கிரியோசோட், தீப்பிடித்தால் 1100 டிகிரியைத் தாண்டும். ஜனவரியில் அடுப்பின் மேல்தட்டுகளைக் கழற்றி, டிரில்லில் மாட்டும் நைலான் தூரிகையை விட்டேன். கருகிய அப்பளம் போலப் பளபளக்கும் செதில்கள் முக்கால் வாளி கொட்டின. காலையில் பற்றவைத்தால் குழாயில் உறைந்து நின்ற காற்று கீழே இறங்கி, புகை ஹாலுக்கு வந்து அலாரம் கத்தும்.

கோடையில் குழாயை வெளியே எடுத்துப் புல்தரையில் நீட்டி, அரை அங்குலச் செராமிக் கம்பளியைச் சுற்றி, மேலே கம்பிவலைச் சட்டை மாட்டினோம். கையுறையும் முகமூடியும் கட்டாயம். மச்சான் கேட்கவில்லை, இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்தார். அந்தக் குளிர்காலத்தில் விழுந்தது இரண்டு கைப்பிடி பழுப்புத் தூள். முழுப் பெருமையும் கம்பளிக்கே என்று சொல்லமாட்டேன். விறகும் ஒரு வருடம் கூடுதலாகக் காய்ந்து, ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்திருந்தது. ஆனால் பற்றவைத்ததும் புகை மேலே இழுபடுவது கம்பளியால்தான். மாதம் ஒருமுறை தூரிகை விட்டவன், இப்போது வருடத்துக்கு இரண்டு முறையோடு சரி.

வீட்டின் நடுவே ஏறும் புகைபோக்கி, செங்கல்லுக்கும் மரச்சட்டத்துக்கும் போதிய இடைவெளி என்றால் வெறும் குழாயே போதலாம். பழைய வீடுகளில் அந்த இடைவெளியை நம்பாதீர்கள். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டதற்காக வந்த வெட் (WETT, கனடாவில் விறகடுப்புப் பயிற்சியும் சான்றும் தரும் அமைப்பு) பரிசோதகர், டார்ச்சோடு முதலில் போய்ப் பார்த்தது அதைத்தான்.